சினைப்பையை எடுத்துவிடலாமா, டாக்டர்?

கடிதம் எழுதியிருப்பவருக்கு வயது 38. மாதவிடாய் நாட்களில் சுருண்டு படுக்க வைக்கும் வலி 15 வயதிலேயே தொடங்கிவிட்டது. ‘எல்லாருக்கும் வருவதுதான்’, ‘ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்று கேட்டுக் கேட்டே வருடங்கள் ஓடின. 27 வயதில் மகள் பிறந்தாள், வலி போகவில்லை. 29 வயதில் இடது சினைப்பையில் 6 சென்டிமீட்டர் கட்டி. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்து அதை எடுத்தபோதுதான், இத்தனை நாள் படுத்திய நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) என்று பெயர் இருப்பதே தெரிந்தது. இப்போது அதே சினைப்பையில் மறுபடியும் 3.5 சென்டிமீட்டரில் சாக்லேட் கட்டி, அதாவது இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கிய கட்டி. ரத்தத்தில் சிஏ-125 (சினைப்பைப் புற்றிலும் உயரக்கூடிய ஒரு புரதம்) அளவு 71. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் டயனோஜெஸ்ட் மாத்திரை எழுதித் தந்தார். ‘ஹார்மோன் மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவரும்’ என்று யாரோ சொன்னதால், வாங்கிய மாத்திரை அலமாரியிலேயே இருக்கிறது.

இந்த நேரம் பார்த்து, ‘எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்குச் சினைப்பைப் புற்று 4 மடங்கு’ என்ற செய்தியைத் தோழி ஒருவர் அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. இன்னொரு மருத்துவரிடம் போக, அவர் ‘இனிக் குழந்தை வேண்டாம் என்றால் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடலாம், தொல்லை விட்டது’ என்று சொல்லி, அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். எடுத்துவிடட்டுமா, மார்பகம், தைராய்டு, கருப்பை என்று மற்ற இடங்களிலும் புற்று வருமா, உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா, மகளுக்கும் இது வருமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியது போல இப்படி இருக்கிறது: ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் கிடையாது. அத்தைக்கு 42 வயதில் மார்பகத்தில் வந்து, சிகிச்சைக்குப் பின் இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அது அப்பா வழி. அப்பாவைப் பெற்ற பாட்டி வயிற்றில் நீர் கோத்து இறந்துபோனார், அது கல்லீரல் கோளாறு என்பார்கள்.’

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் ஒன்று. அடுத்த மாதம் என்ற அந்த நாளைத் தள்ளிப் போடுங்கள். அறுவை சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்ய வேண்டியதாகவே இருந்தாலும், அதைச் சரியாக முடிவு செய்யத் தேவையான ஒரு தகவல் இன்னும் நம் கையில் இல்லை. அந்தத் தகவல் உங்கள் கட்டியில் கிடைக்காது. கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன், தூக்கத்தைக் கெடுத்த அந்தச் செய்தியைப் பார்த்துவிடலாம்.

4 மடங்கு என்றால் எத்தனை பேர்?

உங்கள் தோழி அனுப்பியது பொய்ச் செய்தி அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு அது. 2024-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிடச் சினைப்பைப் புற்று சுமார் 4 மடங்கு என்று அதில் இருந்தது. சாக்லேட் கட்டி அல்லது ஆழமாக ஊடுருவிய வகை இருந்தவர்களிடம் அது 9 மடங்கைத் தாண்டியது. உங்களுடையது சாக்லேட் கட்டி என்பதால் இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது. செய்தியில் அது வந்திருக்காது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், இந்த நோயினால் கூடுதலாகச் சினைப்பைப் புற்று வந்தவர்கள் சுமார் 10 பேர். மடங்கைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது, ஆட்களை எண்ணினால் மூச்சு திரும்புகிறது. இரண்டும் ஒரே உண்மைதான். அடிப்படையிலேயே அரிதான ஒரு நோயை எத்தனையால் பெருக்கினாலும் வரும் விடை சிறியதாகத்தான் இருக்கும்.

வாழ்நாள் முழுவதற்குமான கணக்கு வேண்டுமா? ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பான எஷ்ரே, 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதைத் தந்திருக்கிறது. பொதுவாக 1,000 பெண்களில் சுமார் 13 பேருக்குச் சினைப்பைப் புற்று வரும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் சுமார் 25 பேருக்கு. மற்ற 975 பேருக்கு வருவதில்லை. இது 4 மடங்கு இல்லையே, 2 மடங்குதானே என்று கேட்பீர்கள். யாரை ஆய்வில் சேர்க்கிறார்கள், எந்த வகை எண்டோமெட்ரியோசிஸ், எப்படிக் கண்டுபிடித்தது என்பதைப் பொறுத்து மடங்கு ஆய்வுக்கு ஆய்வு மாறும். புற்றுக்காக வயிற்றைத் திறந்தபோதுதான் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதே தெரியவந்த பெண்களும் சில கணக்குகளில் கலந்திருப்பார்கள். அதனால்தான் ஒரே ஒரு செய்தியை வைத்து உடம்பில் கத்தி வைக்க முடிவெடுக்கக் கூடாது என்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. சினைப்பைப் புற்று என்பது ஒரே நோய் அல்ல. எண்டோமெட்ரியோசிஸோடு உறவு உள்ளவை முக்கியமாக இரண்டு வகைகள், கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு. இவற்றில் பல, தொடக்க நிலையிலேயே பிடிபடுகின்றன. சினைப்பைப் புற்றுகளில் 10-க்கு 7 என்ற அளவில் இருப்பதும், அதிக உயிர்களைப் பறிப்பதும் ஹை கிரேடு சீரஸ் என்ற வகை. 13 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து 2012-ல் வெளியான பெரிய அலசலில், அந்த வகைக்கும் எண்டோமெட்ரியோசிஸுக்கும் தொடர்பு தெரியவில்லை. இந்த வகையின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாட்டியைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

‘இந்தக் கட்டியே ஒருநாள் புற்றாக மாறிவிடுமா’ என்ற கேள்வியும் உங்களிடம் இருக்கிறது. மாறுவது உண்டு. 1925-லேயே சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் அப்படி மாறியதை விவரித்து எழுதியிருக்கிறார். கட்டிக்குள் தேங்கும் பழைய ரத்தத்தின் இரும்புச்சத்து, சுற்றியுள்ள செல்களை வருடக்கணக்கில் அரிப்பதும், அந்தச் செல்களின் மரபணுவில் பிழைகள் சேர்வதும் காரணமாகக் கருதப்படுகின்றன. ஆனால் நடப்பது 100 பேரில் ஒருவருக்கும் குறைவாக. மரபணுப் பிழை இருந்தாலே புற்று என்பதும் இல்லை. புற்றே இல்லாத எண்டோமெட்ரியோசிஸ் திசுக்களிலும் அதே பிழைகள் சில இருப்பதை 2017-ல் கண்டுபிடித்தார்கள். அப்படிப் பிழையோடு இருப்பவற்றிலும் பெரும்பாலானவை கடைசிவரை சாதுவாகவே இருந்துவிடுகின்றன.

மற்ற உறுப்புகள்

கருப்பைப் புற்றோடு குழப்பிக்கொள்வதற்கு இந்த நோயின் பெயர்தான் காரணம். எண்டோமெட்ரியம் என்பது கருப்பையின் உள்சவ்வு. அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர, எண்டோமெட்ரியோசிஸினால் கருப்பையின் உள்சவ்வில் புற்று அதிகமாகிறது என்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரியவில்லை. பெருங்குடலுக்கும் அப்படியே.

மார்பகப் புற்றில் கூடுதல் மிகச் சிறியது. எஷ்ரே கணக்கில் 1,000 பெண்களுக்கு 128 என்பது 133 ஆகிறது, அவ்வளவுதான். எண்டோமெட்ரியோசிஸுக்காகத் தனியாக மார்பகப் பரிசோதனை தேவையில்லை. எல்லாப் பெண்களுக்கும் சொல்லும் வயதில் மேமோகிராம் எடுத்தால் போதும். (உங்களுக்கு இது மாறலாம், அத்தையினால்.)

தைராய்டில் 1,000-க்கு 13 என்பது 18. இதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அடிக்கடி மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பார்கள். தைராய்டில் தேடினால் கிடைக்கும். தென் கொரியாவில் அறிகுறி இல்லாதவர்களுக்கெல்லாம் கழுத்தில் ஸ்கேன் எடுக்கத் தொடங்கியபின், 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்று என்ற கணக்கு 15 மடங்கு ஏறியது. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத சின்னச் சின்னப் புற்றுகளைத் தேடிப் பிடித்து, தைராய்டை எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வைத்ததுதான் பலன். ‘உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன்’ என்ற உங்கள் யோசனைக்கும் இதுதான் என் பதில். வேண்டாம். கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால் காட்டுங்கள், தட்டுப்படாததைத் தேடாதீர்கள்.

கருப்பை வாய்ப் புற்று, எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது. மருத்துவரிடம் அடிக்கடி போவதால் பரிசோதனையும் அடிக்கடி நடந்துவிடுவது காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் ‘வருடா வருடம் ஸ்கேன் எடுக்கிறேன், எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்களை ஸ்கேன் காட்டாது. அதற்கு எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனையோ, கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ தனியாகச் செய்ய வேண்டும். குறைந்தபட்சம் 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மறுமுறை எச்பிவி பரிசோதனை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. 38 வயதில் நீங்கள் ஒருமுறைகூடச் செய்யவில்லை என்றால், நீங்கள் கேட்ட ஸ்கேன்கள் எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அந்த 71

சிஏ-125 அளவு 35-க்குக் கீழே இருக்க வேண்டும், உங்களுக்கு அதைப் போல 2 மடங்கு, சரி. ஆனால் எண்டோமெட்ரியோசிஸே இந்த அளவை உயர்த்தும். மாதவிடாய் நாட்களில் ரத்தம் எடுத்தாலும் உயரும். நார்த்திசுக் கட்டி, கர்ப்பம், கல்லீரல் நோய், வயிற்றுக்குள் எந்த அழற்சி இருந்தாலும் உயரும். சாக்லேட் கட்டி உள்ள ஒருவருக்கு 71 என்று வந்தால், எனக்கு அது புதிதாக எதையும் சொல்வதில்லை.

3 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வருடக்கணக்கில் இதைச் சோதித்தார்கள். அறிகுறி இல்லாத பெண்களுக்கு சிஏ-125, ஸ்கேன் என்று வருடந்தோறும் பார்த்துவந்ததில், சினைப்பைப் புற்றால் இறப்பவர்கள் குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. எண் ஏறும்போது அழுவதும் இறங்கும்போது சிரிப்பதுமாக வருடங்களைக் கழித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

அப்பா வழி என்றால் என்ன?

இப்போது அந்தக் கடைசி வரிகள். நான் இரண்டு முறை படித்தது இதைத்தான்.

‘ஆனால் அது அப்பா வழி’ என்று எழுதியிருக்கிறீர்கள். மார்பகமும் சினைப்பையும் பெண் உறுப்புகள் என்பதால், அந்தப் புற்று அம்மா வழியாகத்தான் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். படித்தவர்களும் நினைக்கிறார்கள். மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் பரம்பரையாகப் புற்றைக் கடத்தும் மரபணுப் பிழைகளில் முக்கியமானவை பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்ற இரண்டு மரபணுக்களில் வருபவை. அப்பாவிடம் அந்தப் பிழை இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, அது வர 50 சதவீத வாய்ப்பு. அம்மாவிடம் இருந்தாலும் அதே 50-தான். ஆணிடம் இந்தப் பிழை இருந்தும் ஆயுள் முழுக்க ஒன்றுமே ஆகாமல் போகலாம். ஒரு தலைமுறை ஆண் வழியாகக் கடந்து வரும்போது, குடும்பத்தில் நோயே இல்லாத மாதிரி தோன்றுவது இதனால்தான்.

அத்தைக்கு 42 வயதில் மார்பகப் புற்று. 50 வயதுக்கு முன் வந்தது என்பதே கேள்வி கேட்க வைக்கும். பாட்டி வயிற்றில் நீர் கோத்து இறந்தார் என்கிறீர்கள். கல்லீரல் கெட்டாலும் நீர் கோக்கும், உண்மைதான். ஆனால் முற்றிய சினைப்பைப் புற்றும் அப்படித்தான் வயிற்றை ஊத வைக்கும். ஸ்கேன் எளிதில் கிடைக்காத காலத்தில் எத்தனையோ பெண்களின் சினைப்பைப் புற்று ‘வயிற்றில் நீர்’ என்றும் ‘கல்லீரல்’ என்றும் குடும்பக் கதையில் தங்கிவிட்டது. பாட்டிக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தாய்க்கு அது, மகளுக்கு இது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பரம்பரைப் புற்றுக்கான ஆலோசனைக்கு உங்களை அனுப்பாமல் விட்டால் என் வேலையை நான் செய்யவில்லை என்று அர்த்தம்.

எண்களைப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பைப் புற்றுக்கான வாழ்நாள் வாய்ப்பு 100-க்கு ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டரைக்குப் போகிறது. பிஆர்சிஏ 1 பிழை இருந்தால் 39 முதல் 58 வரை. பிஆர்சிஏ 2 என்றால் 13 முதல் 29 வரை. இங்கே வருவது பெரும்பாலும் நான் முன்பு சொன்ன ஹை கிரேடு சீரஸ் வகை, அதில் பல கருக்குழாயின் நுனியில் தொடங்குகின்றன. இந்த வாய்ப்பு உங்கள் சாக்லேட் கட்டியால் வருவது அல்ல. இத்தனை நாள் நீங்கள் பயந்தது ஒரு பக்கம், பார்க்க வேண்டியது இன்னொரு பக்கம்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிழை இல்லாமலே இருக்கலாம், அப்படித்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டே போங்கள். ஆனால் தெரிந்துகொள்ளும் வழியில் ஒரு வரிசை உண்டு. முதலில் பரிசோதிக்க வேண்டியது உங்களை அல்ல, அத்தையை. புற்று வந்தவரிடம் பிழை இருக்கிறதா என்று பார்த்தால்தான் விடை தெளிவாகக் கிடைக்கும். அவரிடம் பிழை இருந்து உங்களிடம் இல்லை என்றால், அந்தப் பயத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம். அவரைப் பார்க்காமல் உங்களை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று வந்தால், குடும்பத்தில் பிழையே இல்லையா, இருந்து உங்களுக்கு வரவில்லையா, நாம் தேடாத வேறு மரபணுவில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உங்கள் அப்பா, அதுவும் முடியாவிட்டால் நீங்கள். சில சமயம் ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்றும் முடிவு வரும், அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு ஓடக் கூடாது. இதையெல்லாம் முன்கூட்டியே விளக்கத்தான் மரபியல் ஆலோசகர் இருக்கிறார். ரத்தம் கொடுப்பதற்கு முன்பு அவரைப் பாருங்கள், பிறகு அல்ல.

அத்தையிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். ‘உங்களால் எனக்கு வருமா’ என்ற தொனி வந்துவிட்டால் அவர் மனம் நோகும். ‘உங்களுக்கும் இது உதவும்’ என்று தொடங்குங்கள், அது வெறும் சமாதானம் அல்ல. பிழை இருப்பது தெரிந்தால் அவருடைய மறு மார்பகத்தையும் சினைப்பைகளையும் பற்றி அவருடைய மருத்துவர் வேறு விதமாக யோசிப்பார்.

எடுத்துவிட்டால் தொல்லை விட்டதா?

விடை இப்போது இரண்டாகப் பிரிகிறது.

மரபணுப் பிழை இல்லை என்றால், புற்று வராமல் தடுப்பதற்காக மட்டும் 38 வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுப்பதை நான் ஏற்க மாட்டேன். எஷ்ரே வழிகாட்டுதலும், புற்றுப் பயம் ஒன்றையே காரணமாக வைத்து எண்டோமெட்ரியோசிஸ் பெண்களின் சினைப்பைகளை எடுக்கச் சொல்லவில்லை. சினைப்பை குழந்தைக்கு மட்டும் வேலை செய்யும் உறுப்பு அல்ல. 38-ல் அதை எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். உடம்பு கொதிப்பது, தூக்கம் கெடுவது, தாம்பத்தியத்தில் வறட்சியும் வலியும் எல்லாம் உடனே தெரியும். எலும்பு தேய்வதும் இதய நோய்க்கான வாய்ப்பு கூடுவதும் வருடங்கள் கழித்துத் தெரியும். அதைச் சமாளிக்க இயற்கையான மெனோபாஸ் வயது வரை ஹார்மோன் எடுக்க வேண்டியிருக்கும். எந்த ஹார்மோனுக்குப் பயந்து மாத்திரையை அலமாரியில் வைத்தீர்களோ, அதே ஹார்மோன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுவாகக் கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுப்பது வழக்கம். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களுக்கு அப்படிக் கொடுத்தால், உள்ளே எங்காவது மிச்சமிருக்கும் திசு மறுபடி வளரலாம், அரிதாகப் புற்றாகவும் மாறலாம். அதனால் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துத்தான் தர வேண்டும். யாராவது தனி ஈஸ்ட்ரோஜன் எழுதினால் உங்கள் பழைய நோயை நினைவுபடுத்துங்கள்.

கருப்பையை எடுப்பதோ, சினைப்பைப் புற்றுக்கான வாய்ப்பைப் பொறுத்தவரை குறியே தவறிய அம்பு. உங்கள் நோய் கருப்பைக்கு வெளியே இருக்கிறது. வலி தாங்க முடியவில்லை, மாத்திரையும் கேட்கவில்லை, கருப்பைச் சுவருக்குள்ளும் அதே போன்ற திசு வளரும் அடினோமயோசிஸ் இருக்கிறது என்றால், வலிக்காகக் கருப்பையை எடுப்பது நியாயமான யோசனை. அது வலிக்கான முடிவு, புற்றுக்கான முடிவு அல்ல. இரண்டையும் ஒரே பையில் போட்டு ‘தொல்லை விட்டது’ என்று முடிச்சுப் போட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குடலிலோ சிறுநீர்ப்பையிலோ ஒட்டியிருக்கும் திசுவை விட்டுவிட்டு கருப்பையை மட்டும் எடுத்தால் தொல்லை விடாது என்பதும் பலருக்கு அப்புறம்தான் தெரிகிறது.

பிழை இருக்கிறது என்று வந்தால் கணக்கே வேறு. பிஆர்சிஏ 1 உள்ளவர்களுக்குக் குழந்தைப் பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ 2 உள்ளவர்களுக்கு 40 முதல் 45-க்குள், சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கிறோம். சினைப்பைப் புற்றுக்கான வாய்ப்பு அதனால் சுமார் 80 சதவீதம் குறையும். அப்போதும் அதை வேறு விதமாகச் செய்ய வேண்டும். கருக்குழாய்களை முழுதாக எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் தேட வேண்டும், வயிற்றுக்குள் கழுவிய நீரையும் சோதிக்க வேண்டும். மார்பகத்துக்கு எம்ஆர்ஐயோடு தனிக் கண்காணிப்பு வரும். அடுத்த மாதம் அவசரமாகச் செய்துகொண்டால் இதில் எதுவும் திட்டமிடப்பட்டிருக்காது. நாளைத் தள்ளச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

அலமாரியில் இருக்கும் மாத்திரை

கருத்தடை மாத்திரைகளை, அதாவது ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் கலந்தவற்றை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றை உண்டாக்கும் பொருட்கள் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்களிடம் சொன்னவர் அதைப் படித்திருக்கலாம். மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றுக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதே அமைப்பு, சினைப்பைப் புற்றையும் கருப்பை உள்சவ்வுப் புற்றையும் இந்த மாத்திரைகள் குறைக்கின்றன என்றும் சொல்கிறது. 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல் வெளியான அலசலில், 15 வருடம் சாப்பிட்டவர்களிடம் சினைப்பைப் புற்று ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு பல வருடங்கள் நீடித்தது. சினைப்பைப் புற்றுக்குப் பயந்து ஹார்மோனை ஒதுக்குகிறவர், அந்தப் புற்றைக் குறைக்கக்கூடிய ஒன்றையே ஒதுக்குகிறார்.

உங்களுக்கு எழுதியிருக்கும் டயனோஜெஸ்டில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, அது புரொஜெஸ்டின் மட்டும். வலியைக் குறைக்கும், கட்டி வளர்வதையும் அடக்கும். சினைப்பைப் புற்றைக் குறைக்கும் என்று மேலே சொன்ன சான்று கலப்பு மாத்திரைக்கானது, அதை அப்படியே டயனோஜெஸ்டுக்கும் நீட்டிவிடக் கூடாது. புரொஜெஸ்டின் மட்டும் உள்ள கருத்தடைகளிலும் மார்பகப் புற்று வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்று 2023-ல் ஒரு ஆய்வு வந்தது. நிறுத்தினால் அது மெல்ல இறங்கிவிடும். அத்தையின் முடிவு வரும்வரை சில மாதங்கள் இதைச் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் அத்தையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். திட்டுத்திட்டாக ரத்தம் படுவது, மனம் சோர்வது போன்றவை முதல் சில மாதங்களில் வரலாம். பின்னால் கலப்பு மாத்திரைக்கு மாறும் யோசனை வந்தால், கண்ணில் வெளிச்சக் கோடுகள் தெரிந்து தொடங்கும் ஒற்றைத் தலைவலி, புகைப் பழக்கம், ரத்தக்கொதிப்பு, கால் நரம்பில் ரத்தம் உறைந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது உங்களுக்குச் சரிப்படாது.

கட்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது

3.5 சென்டிமீட்டர் என்பது இப்போது எடுத்தே ஆக வேண்டிய அளவு இல்லை. ஒரே சினைப்பையில் இரண்டாவது முறை அறுவை சிகிச்சை என்றால் நல்ல திசுவும் சேர்ந்து போகும். 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை, எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் அனுபவம் உள்ளவரிடம் எடுங்கள். அளவு மட்டும் முக்கியம் அல்ல. கட்டிக்குள் திடமான பகுதி தோன்றுகிறதா, அதற்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா, வேகமாகப் பெரிதாகிறதா என்பவை முக்கியம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எம்ஆர்ஐ எடுத்து, புற்றுநோய் அறுவை மருத்துவரின் கருத்தையும் கேட்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் சாக்லேட் கட்டி பொதுவாகச் சுருங்கும், அப்போது வளர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் போக வேண்டிய நேரங்களும் உண்டு. மாதவிடாயோடு வந்துபோன வலி, இப்போது எல்லா நாளும் இருக்கிறது என்றால். வயிறு உப்புவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது, இவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கும், அதனால்தான் ‘பழைய வலிதானே’ என்று மருத்துவரே தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ‘இது பழைய வலி இல்லை, இந்த மாதத்திலிருந்து மாறியிருக்கிறது’ என்று நாள் குறித்துச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி. எண்டோமெட்ரியோசிஸ் குடும்பத்தில் ஓடும், தாய்க்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு கூடுதல். வராமல் தடுக்க வழி இல்லை. ஆனால் உங்களுக்கு 14 வருடம் ஆனது அவளுக்கு ஆகாமல் பார்த்துக்கொள்ள முடியும். பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி என்றால், அடுத்த மாதவிடாய்க்குள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எச்பிவி தடுப்பூசிக்கும் அவளுடைய 11 வயது சரியான வயது. மரபணுப் பரிசோதனை அவளுக்கு இப்போது வேண்டாம். தேவைப்பட்டால் பெரியவளானபின் அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்த வாரம் அத்தைக்குப் போன் செய்யுங்கள். அவருடைய பயாப்ஸி ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் அதன் நகல், அவருக்கு அப்போது சரியாக எத்தனை வயது, பாட்டி இறந்தபோது அவருக்கு என்ன வயது, அப்பாவின் மற்ற உடன்பிறந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் ஆகியவற்றில் புற்று வந்ததா என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பழைய லேப்ராஸ்கோப்பி குறிப்பையும், அன்று எடுத்த கட்டியின் பயாப்ஸி முடிவையும் கோப்பில் வையுங்கள். மரபியல் ஆலோசகரிடம் அந்தத் தாளோடு போங்கள். அலமாரியில் இருக்கும் மாத்திரையின் காலாவதி தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.